நாற்காலியைத் தவிர எல்லாம்

ஜனவரி 9, திங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீடுதான் நலமாக இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கோபமாக ஆரம்பிக்கிறேன். நீ எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைக்கிறாய். போனை வைத்த பிறகுதான் எதற்காக அழைத்தேன் என்பது நினைவுக்கு வருகிறது. காகிதத்தில் அந்த வேலை நடக்காது. பதிலும் காகிதத்திலேயே வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டின் முன்னறையைக் கொடுங்கள், ஒரு சின்னப் படம் எடுக்கிறோம், நான்கைந்து பேர்தான் என்றாய். கொடுத்தேன். நேற்று வந்தவர்களை நான் எண்ணவில்லை, ஆனால் என் டீ கோப்பைகள் எண்ணிக்கொண்டன. தாடி வைத்த கேமராக்காரர் ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டப் போனார். "ஆணி அடிக்கக் கூடாது" என்றேன். "அம்மா, லைட் கட் பண்ணணும்மா" என்றார். "வெளிச்சம் வேண்டாம் என்றால் ராத்திரியில் எடுங்கள்" என்றேன். உடனே நீ சிரித்தாய். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை.

பிறகு என் சமையலறையில் நான் ஒரு மூடியை எடுத்ததற்கு, "சைலன்ஸ்!" என்று ஒரு குரல். என் வீட்டில் என்னைப் பார்த்து. உன் அப்பாகூட அப்படிச் சொன்னதில்லை.

சிரிப்புப் படம் என்றாய். காலை முதல் மாலை வரை ஒருவர் முகத்திலும் சிரிப்பைக் காணோம். உன் கிளினிக்கின் பல் டாக்டரைக் கதாநாயகியாகப் போட்டிருக்கிறாயே, அந்தப் பெண்ணுக்கு நிமிர்ந்து நிற்கத் தெரியாதா? எங்கள் கான்வென்ட்டில் தலையில் அகராதியை வைத்து மாடிப்படி ஏறச் சொல்வார்கள். அவளை அப்படி ஏறச் சொன்னால் அகராதிக்கு அடி படும். கதாநாயகனாக வரும் வங்கி கேஷியர் மட்டும் மனிதர். குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் போன பிறகு தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்புகளையெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்து, அறையைப் பழையபடி சரிசெய்தேன். முதுகு வலிக்கிறது. அதற்கு நீ பொறுப்பு.

படத்தின் கதை என்ன? அதை இன்னும் நீ சொல்லவில்லை.

இப்படிக்கு,
அம்மா

•

ஜனவரி 13

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முதுகிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அம்மா, அந்தச் சிவப்பு டேப்புகள்! எந்தப் பொருள் எங்கே இருந்தது என்பதற்கு அவைதான் அடையாளம். ஒரு வாரம் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் மீதியை எடுப்போம். நடுவில் அறை மாறிவிட்டால் படம் ஒட்டாது. தயவுசெய்து நாங்கள் விட்டுப்போவதை அப்படியே விட்டுவையுங்கள்.

ஏன் உங்கள் வீடு என்றால், எங்களால் வேறு எந்த வீட்டையும் பிடிக்க முடியாது. எங்களில் எல்லோருக்கும் வார நாட்களில் வேலை இருக்கிறது. தாடி கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவர். கேஷியருக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. பல் டாக்டர் எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்; அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கதை இதுதான். ஒருவர் ஒருநாள் நாற்காலியில் உட்காருகிறார். பிறகு எழுந்திருக்க மறுக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அவரை எழுப்பப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

உங்கள்,
வால்

•

ஜனவரி 24

அன்புள்ள மகளுக்கு,

இது ஒரு கதையா? ஒருவர் உட்காருகிறார், எழுந்திருக்கவில்லை. இதைப் பார்க்க மக்கள் பஸ் ஏறி வந்து, டிக்கெட் எடுத்து, அவர்களும் உட்கார வேண்டும். பெரிய படங்களில் மனிதர்கள் மாடியிலிருந்து குதிக்கிறார்கள், வெளிநாடு போகிறார்கள். அவற்றிலேயே பாதியில் தூங்கிவிடுகிறேன். இதில் எழுந்திருப்பதற்குக்கூட உங்களிடம் வசதியில்லை போலிருக்கிறது.

டேப் விஷயத்தில் நீ சொன்னதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டேன் என்று சொல்லவில்லை. புத்தக அலமாரியை நீங்கள் நகர்த்திய இடத்தில் மதிய வெயில் நேராக விழுகிறது. புத்தகங்கள் வெளுத்துப்போகும். அதனால் உள்சுவருக்கு மாற்றினேன். ஜன்னல் திரையில் யாரோ டீயைக் கொட்டியிருந்தார்கள். பச்சையைத் துவைக்கப் போட்டுவிட்டு வெள்ளையை மாட்டினேன். அழுக்குத் திரையோடு ஒரு வாரம் இருக்க என்னால் முடியாது, நான் அப்படி வளர்க்கப்படவில்லை. கப்பல் படத்தைக் கீழே இறக்கித் துடைத்தேன். பழைய ஆணி ஆடியது, எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டேன். உன் அப்பாவின் நாற்காலி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. அதை நான் எந்தக் காலத்திலும் தொட்டதில்லை.

ஞாயிறன்று நீங்கள் வந்து பார்த்ததும் தாடி தலையில் கைவைத்துக்கொண்டு, "அம்மா, வீடு மாறிப்போச்சும்மா!" என்றார்.

"சுத்தமாயிருக்கிறது, அவ்வளவுதான்" என்றேன்.

"கன்டினியூட்டி போச்சே!"

"போனால் போகட்டும். அழுக்கும் போயிருக்கிறது."

கேஷியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

ஒரு சந்தேகம். அந்த மனிதர் ஏன் எழுந்திருக்க மறுக்கிறார்? கால் வலியா? காரணம் இல்லாமல் ஒருவர் உட்காருவாரா?

இப்படிக்கு,
அம்மா

•

பிப்ரவரி 6

மகளுக்கு,

நேற்று நீங்கள் வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் கேட் பக்கத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பல் டாக்டர் கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். கேட்டைத் திறந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பினாள். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஆபீஸ் வேலையையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து இப்படிக் கண்ணைக் கெடுத்துக்காதீங்க!"

தண்ணீர் செடிக்குப் போகவில்லை, என் செருப்புக்குப் போனது. நீ "கட்" என்றாய். "இன்னொரு தடவை டாக்டர், இன்னும் கொஞ்சம் சத்தமா, எதிர்வீட்டுக்குக் கேக்கணும்" என்றாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

அந்த வாக்கியம் என்னுடையது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

உன் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடியதும், ஒன்றரை வருடம் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. உன் சித்தப்பாவுக்கே தெரியாது. தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்த வாக்கியத்தைக் கேட்டில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மழையிலும் சொன்னேன். காய்ச்சலிலும் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் அவர் போனபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "என்ன ஒரு உழைப்பாளி! வீட்டிலும் ஆபீஸ் வேலைதான்" என்றார்கள். அந்தப் பெயரை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தவள் நான்.

இப்போது நீ டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டு, அவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லப்போகிறாய். என்னையும் சேர்த்து. அதிலும் கூன் போட்டு.

நிறுத்திவிடு.

அம்மா

•

பிப்ரவரி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வீட்டைக் கொடுக்க மாட்டீர்கள் என்று பயந்தேன். அது என் தப்பு, அதற்குச் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை.

ஆனால் அம்மா, நீங்கள் கேட்டில் நின்று அதைச் சொன்னபோது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எனக்கு ஒன்பது வயது. நீங்கள் சொல்லி முடித்ததும் உள்ளேயிருந்து அப்பா, "இதோ, இந்த ஒரு ஃபைல் மட்டும்!" என்று பதில் கத்துவார். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அதற்குள் விறுவிறுவென்று நடந்திருப்பீர்கள். நான் திரும்பிப் பார்ப்பேன். ஜன்னலில் அவர் கை மட்டும் தெரியும். என்னைப் பார்த்து அசையும். அந்த வீட்டில் ஒரு ஃபைலும் கிடையாது என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் நாம் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. உங்களோடு இப்போதும் பேச முடியவில்லை. அதனால்தான் படம் எடுக்கிறேன்.

இதை அழுகைப் படமாக எடுத்தால் அப்பா தோற்றுப்போனவர் ஆகிவிடுவார். சிரிப்புப் படமாக எடுத்தால் நாம் மூவரும் தெருவையே ஏமாற்றிய கூட்டாளிகள். எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகத் தெரிகிறது.

இன்னும் சில ஞாயிறுகள் போதும். வேறு வீட்டில் முதலிலிருந்து எடுக்க எங்களால் முடியாது. நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கிளினிக்கில் கணக்கு எழுதுகிறேன்.

உங்கள்,
வால்

•

பிப்ரவரி 14

மகளுக்கு,

வீட்டைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கை நான் திரும்ப வாங்குவதில்லை. வந்து எடுத்து முடியுங்கள். நான் சமையலறையில் இருப்பேன். யாரும் என்னிடம் பேச வேண்டாம். டீ ஃபிளாஸ்க்கில் இருக்கும்.

அம்மா

•

ஜூலை 29

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐந்து மாதமாகப் போனில் "சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி" என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அதனால் நானே காகிதத்துக்கு வருகிறேன்.

படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம். அம்மா, அந்தக் கடைசி ஞாயிறுகளில் நீங்கள் என்ன செய்தீர்கள்? முதலில் திரையும் அலமாரியும் மாறியது சுத்தத்துக்காக, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேடியோ எப்படி ஒரு வாரம் வலது பக்கமும் மறுவாரம் இடது பக்கமும் போனது? தரையில் நின்றுகொண்டிருந்த விளக்கு எப்படி மேஜைமேல் ஏறியது? நாங்களும் ஒரே அவசரத்தில் வந்து, விளக்கைப் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். கேஷியர் ஒரு கேள்வி கேட்கிறார், பின்னால் கப்பல் இருக்கிறது. டாக்டர் பதில் சொல்கிறார். மறுபடி கேஷியர்: கப்பல் இல்லை, அங்கே கடிகாரம். பச்சைத் திரை, வெள்ளைத் திரை, பச்சைத் திரை. தாடி அழுதேவிட்டார். "உங்கம்மா நம்மளை முடிச்சிட்டாங்க" என்றார். திரும்ப எடுக்க வழியில்லை. அப்படியே ஒட்டினோம்.

போன வாரம் இங்கே ஒரு சின்னத் தியேட்டரில் போட்டார்கள். பாதி நாற்காலிகள் காலி. இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பேஷண்டுகள். முதல் தடவை கப்பல் இடம் மாறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ ஒருவர் க்ளுக்கென்று சிரித்தார். இரண்டாம் தடவை நாலைந்து பேர். அலமாரி நகர்ந்தபோது தியேட்டரே சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொரு தடவை கேஷியரைக் காட்டும்போதும் இப்போது எது மாறியிருக்கும் என்று முன்னால் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துவிட்டார்கள்!

வெளியே வரும்போது டிக்கெட் கிழிக்கிற அம்மாள் சொன்னார்: "அந்தாளு எழுந்திருக்க மாட்டேங்கறாரு, வீடே எழுந்து அவரைச் சுத்தி நடக்குது பாருங்க. யாரும்மா இத்தனையும் தூக்கித் தூக்கி வைக்கிறது? அந்தப் பொம்பளைதானே?" நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்னொருவர், "மைக் தெரியுது, ஒயர் தெரியுது, எங்க வீடு மாதிரியே இருக்கு. பெரிய படத்துல எல்லாம் சரியா இருக்கும், நாம வெளியில நிப்போம். இதுல உள்ள வந்து உக்காந்துட்டேன்" என்றார். அடுத்த வாரமும் போடப்போகிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் ஊர் நூலக ஹாலில் போட வேண்டுமென்று கேட்டு நூலகர் எழுதியிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. அது உங்கள் தெரு. நீங்கள் சொல்வதுதான்.

உங்கள்,
வால்

•

ஆகஸ்ட் 4

மகளுக்கு,

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்தேன். விளக்கை மேஜைமேல் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. படம் ஒட்டக் கூடாது என்பதற்காகச் செய்தேன். வீட்டைத் தருவேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன், அது அப்படியே இருக்கும் என்று கொடுக்கவில்லை. நான் கெடுத்ததைப் பார்த்தும் ஜனங்கள் ரசித்துச் சிரிக்கிறார்கள் என்றால், அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மைக் தெரிவது ஒரு அழகா? என் புடவையில் கறை தெரிந்தால் யாராவது டிக்கெட் வாங்குவார்களா?

இங்கே போடக் கூடாது. மேல்வீட்டம்மா இருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். கேட்டில் நின்று நான் கத்தியதைத் தினமும் கேட்டவர்கள் இன்னும் பாதிப் பேர் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் என்ன முட்டாள்களா? டாக்டர் வாயைத் திறந்த உடனே தெரிந்துவிடும். நான் போன பிறகு போட்டுக்கொள். அதுவரை பொறுத்துக்கொள்.

அம்மா

•

ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நூலகருக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மகள்

•

செப்டம்பர் 24, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடைசிக் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. நோயாளிக்கு எழுதுவதுபோல் எழுதியிருந்தாய். "தங்கள் அன்பு மகள்" என்று எந்த ஊரில் கையெழுத்துப் போடுகிறார்கள்? அன்றிலிருந்து எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடு புத்தகம் மாற்ற நூலகத்துக்குப் போனது என் தவறு.

நூலகர் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னாள்: "உங்க பொண்ணு படத்தை நம்ம ஹால்ல போடலாம்னு கேட்டேன் மேடம். முடியாதுன்னுட்டாங்க. பரவாயில்லை, முதல் முயற்சிதானே? கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். தெரிஞ்சவங்க ஊர்ல காட்டக் கூச்சமா இருக்கும்."

"என்ன கூச்சம்?" என்றேன்.

"படம் சுமாராப் போச்சுன்னா…"

"படம் மிக நன்றாக இருக்கிறது."

"நீங்க பாத்தாச்சா?"

"எந்தச் சனிக்கிழமை ஹால் காலியாக இருக்கிறது?"

அது என் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அதற்குள் அவள் காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் "ஏன் அம்மா" என்பாய். எனக்குப் பதில் தெரியாது. கேஷியரைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், உங்கள் டைரக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். நேற்று வந்தார். மனிதர் சொன்ன நேரத்துக்கு வந்தார். உன் கூட்டத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஹாலைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. ஜன்னல் திரைகள் பாதி வரைதான் மூடின. மின்விசிறி சத்தத்தில் முதல் பத்து நிமிடம் யார் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேல்வீட்டம்மா, "இங்க வாங்க, இங்க நல்லாத் தெரியும்" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் போகாததால் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கேட்டைத் திறந்தாள். அந்த வாக்கியத்தைக் கத்தினாள். ஹால் சிரித்தது. மேல்வீட்டம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அலமாரி நகர ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர், "ரேடியோ! ரேடியோ! ரேடியோவைப் பாருங்க!" என்று குழந்தை மாதிரி கத்தினார். விளக்கு மேஜைமேல் ஏறிய இடத்தில் யாரோ கைதட்டினார்கள். அது என் இடுப்பு. அதற்குக் கைதட்டல் வரும் என்று நான் நினைத்ததில்லை. என் சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. பெரிய படங்களில் குழாய்கள் சொட்டுவதில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். நீ என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வாஷர் மாற்றியிருப்பேன்.

சாமான் தூக்குகிறவர்கள் வந்து அவரை நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்துவிட்டுப் போவதோடு முடித்திருக்கிறாய். அது அசட்டுத்தனம். ஆனாலும் விளக்கைப் போட்டபோது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்ததாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை. நான் எழுந்து வெளியே போக வேண்டியதுதான் பாக்கி. யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது. மேல்வீட்டம்மா கேட்டால், எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று சமாளித்திருப்பேன். கைப்பையை எடுத்துவிட்டேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, மேடையேறி நின்ற கேஷியரைக் கேட்டார்: "ஏன் சார், படம் முழுக்க இப்படித் தாடியும் பனியனுமாவே உக்காந்திருக்கீங்களே, அந்தாளு குளிக்கவே மாட்டாரா?"

கேஷியர், "வேலை போனவர் சார். மனசு விட்டுப் போச்சு. இனிமே யாருக்காக ஷேவ் பண்ணணும்னு தோணுமில்லையா?" என்றார்.

ஹால் முழுவதும் தலையாட்டியது. ஆமாம், ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று. நானும் இத்தனை நாள் அதைக் கேஷியரின் ஞாயிற்றுக்கிழமைத் தாடி என்றுதான் நினைத்திருந்தேன்.

"தப்பு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

"அவர் ஒருநாள்கூட ஷேவ் செய்யாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தினமும் குளித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போட்டு, ஷூ போட்டுத்தான் உட்காருவார்."

பெரியவர், "யாரும்மா?" என்றார்.

"என் கணவர்."

பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் முழுவதையும் சொன்னேன். காலையில் ஆபீஸ் நேரத்துக்குச் சரியாக உட்காருவார். மதியம் எழுந்து சமையலறைக்குப் போவதற்குக் கதவைத் தட்டிவிட்டுப் போவார், உள்ளே யாரும் இல்லாவிட்டாலும். மாலையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, நான் வந்ததும், "இன்னைக்கு வேலை ஜாஸ்தி" என்பார். "பாவம்" என்பேன் நான். சனிக்கிழமை அரை நாள். ஞாயிறு விடுமுறை; அன்றைக்கு மட்டும்தான் பனியனும் தாடியும். வேலையில்லாமல் இருப்பதை அவர் ஒரு நாளும் ஒழுங்கில்லாமல் செய்ததில்லை.

சிரித்தார்கள். "எதற்குச் சிரிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர், "லீவு லெட்டர் கொடுப்பாரா மேடம்?" என்றார். "ஒரு தடவை ஜுரம் வந்தபோது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கேஷியர் மேடையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார், சிரிப்பு தாங்காமல். முதல் தடவையாக ஒரு கூட்டம் என்னைச் சுற்றிச் சிரித்தது, எனக்கு யாரையும் அடக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"அப்புறம் எப்படி எழுந்தார்?" என்று நூலகர் கேட்டாள்.

"ஒரு இடத்தில் வேலை கிடைத்தது. எழுந்தார். எல்லோரும் எழுந்திருப்பதுபோலத்தான்" என்றேன்.

வீட்டுக்கு மேல்வீட்டம்மாவோடு நடந்து வந்தேன். கேட்டுக்கு வந்ததும், "ஷூவா? வீட்டுக்குள்ளேயா?" என்றாள்.

"பாலிஷ் போட்டு" என்றேன்.

"அடப்பாவமே" என்றாள். பிறகு, "நீங்க கத்தறதைக் கேட்டுட்டு எங்க வீட்டுக்காரரை நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா, அந்த மனுஷரைப் பாருங்க, எப்படி உழைக்கிறாருன்னு!" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்துவிட்டது. தெருவில் நின்று இரண்டு கிழவிகள் சத்தம் போட்டுச் சிரித்ததை உன் சித்தப்பாவுக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

இதையெல்லாம் எழுதுவது உன்னைப் பாராட்டுவதற்கு இல்லை. நீ ஒரு பெரிய தப்புச் செய்திருக்கிறாய். நீ அவரோடு நாள் முழுக்க வீட்டில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் ஜன்னலில் தெரிந்த கையை மட்டும் பார்த்துவிட்டு மீதியை நீயாக ஞாயிற்றுக்கிழமையாகவே நிரப்பிக்கொண்டாய். அந்தக் கைக்குப் பின்னால் பொத்தான் போட்ட சட்டைக்கை இருந்தது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

கேஷியரிடம் கேட்டேன், அந்தத் தாடியைப் படத்திலிருந்து எடுக்க முடியுமா என்று. முடியாதாம். எடுத்தது எடுத்ததுதானாம். அடுத்து இன்னும் நாலைந்து ஊர்களில் போடப்போகிறார்களாமே, அதையும் அவர்தான் சொன்னார், நீ சொல்லவில்லை.

எந்தெந்த ஊர், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று விவரமாக எழுது. ஒவ்வொரு ஊரிலும் படம் முடிந்ததும் யாராவது எழுந்து சரியானதைச் சொல்லத்தானே வேண்டும்? இரவு பஸ் வேண்டாம், ஜன்னல் ஓரம் வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா